படர்க்கையில் நிறுத்தப்பட்ட மக்கள்

தமிழ் இலக்கணத்தில் இடம் மூன்று: தன்மை, முன்னிலை, படர்க்கை. பேசுகிறவன் தன்மை. யாரிடம் பேசுகிறானோ அவன் முன்னிலை. யாரைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அவன் படர்க்கை. இதற்கு நன்னூல் படித்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் பெரியவர்கள் கூடிக் கல்யாணம் பேசும்போது உள் அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கே தெரியும், தான் படர்க்கையில் இருக்கிறோம் என்று. நாடுகள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்களைப் படிக்கும்போதெல்லாம் இந்தப் பழைய பாடம்தான் எனக்குத் துணை. ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் யார், எதிரே உட்கார்ந்தவர் யார், அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்று பார்த்துவிட்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

அரபு நாடுகளும் பிற நாடுகளும் இஸ்ரேலுடன் இயல்பான தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்ட ஒவ்வொரு முறையும், இதனால் பாலஸ்தீனர்களுக்கும் நன்மை விளையும் என்று ஒரு வாக்கு கொடுக்கப்பட்டது. அந்த வாக்கை அதன் சொந்த அளவுகோலாலேயே அளந்து பார்க்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். டெல்லிவாழ் தமிழர்களுக்காக எழுதுவதால், 1992ஆம் ஆண்டு இதே தலைநகரில் எடுக்கப்பட்ட முடிவை நடுவில் வைத்துக்கொள்கிறேன். அரபு நாடுகளின் கதையை அதற்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்ப்போம்.

கண்ணன் போன தூது

தூது என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கண்ணன் தூது. பாண்டவர்களுக்காக அஸ்தினாபுரம் போன கண்ணன் முதலில் பாதி நாடு கேட்டான். இல்லை என்றதும் ஐந்து ஊர் கேட்டான். அதுவும் இல்லை என்றதும் ஐந்து வீடாவது கொடு என்று கேட்டான் என்கிறது வில்லிபாரதம். கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தத் தூதுவனை யாரும் குறை சொல்வதில்லை. ஏனென்றால், யாருக்காகப் போனானோ அவர்கள் விஷயத்தைத்தான் கடைசிவரை பேசினான்.

இப்போது கதையைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். கண்ணன் அஸ்தினாபுரம் போகிறான். துவாரகைக்கும் அஸ்தினாபுரத்துக்கும் வணிக உறவு, குதிரை, தேர், ஆயுதம் எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம் போடுகிறான். ஒப்பந்தத்தின் முகவுரையில், 'பாண்டவர்களின் நியாயமான விருப்பங்கள் பேச்சுவார்த்தை மூலம் தீர்க்கப்படும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். காட்டிலிருந்து வந்து காத்துக்கொண்டிருக்கும் தருமனிடம், 'கவலைப்படாதே, இனிமேல் துரியோதனன் என் நண்பன், உனக்காக அவனிடம் நான் பேச முடியும்' என்று சொல்கிறான். தருமன் என்ன சொல்லியிருப்பான் என்று தெரியாது. பாஞ்சாலி என்ன சொல்லியிருப்பாள் என்பது நமக்கு நன்றாகவே தெரியும்!

முப்பது வருஷத்துக்கு மேல் மத்திய அரசு அலுவலகத்தில் ஃபைல்களோடு குப்பை கொட்டியவன் நான். 'இது தனியே பரிசீலிக்கப்படும்' என்று ஒரு நோட்டிங் விழுந்தால் அந்த விஷயத்தின் கதி என்ன என்பது எந்த குமாஸ்தாவுக்கும் தெரியும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். தனியே பரிசீலித்தால் எங்கே போய் முட்டிக்கொள்வது? பாலஸ்தீன விஷயம் 1978இலிருந்து 'தனியே பரிசீலிக்கப்பட்டு' வருகிறது.

கேம்ப் டேவிட்: ஒரே நாளில் இரண்டு தாள்கள்

எகிப்து அதிபர் அன்வர் சாதத் 1977 நவம்பரில் ஜெருசலேம் சென்று இஸ்ரேலிய நாடாளுமன்றத்தில் பேசினார். அன்றைக்கு அது அசாத்தியத் துணிச்சல். 1978 செப்டம்பர் 17 அன்று, அமெரிக்க அதிபர் கார்ட்டர் முன்னிலையில் சாதத்தும் இஸ்ரேலியப் பிரதமர் மெனாகெம் பெகினும் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்டது ஒரு தாளில் அல்ல, இரண்டு தாள்களில் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையிலான சமாதானம் பற்றியது. மற்றொன்று மேற்குக் கரை, காஸா மக்களுக்கு ஐந்தாண்டு இடைக்காலத் தன்னாட்சி பற்றியது.

முதல் தாளில் இருந்தவை நடந்தன. 1979 மார்ச் 26இல் சமாதான உடன்படிக்கை ஆனது. 1982 ஏப்ரலில் சினாய் தீபகற்பம் எகிப்துக்குத் திரும்பியது. இரண்டாம் தாள் தாளாகவே நின்றுவிட்டது. அதில் பேசப்பட்ட மக்களின் பிரதிநிதி யாரும் அந்த மேசையில் இல்லை. சாதத்துடன் போயிருந்த அவருடைய வெளியுறவு அமைச்சர் முகமது இப்ராஹிம் காமில் அங்கேயே ராஜினாமா செய்தார் என்பதிலிருந்து, இது பின்னால் வந்தவர்களின் விமர்சனம் மட்டுமல்ல என்பது புரியும். அரபு லீக் எகிப்தை விலக்கி வைத்தது. தன் தலைமையகத்தைக் கெய்ரோவிலிருந்து துனிஸுக்கு மாற்றிக்கொண்டது. பத்து வருஷம் கழித்து, 1989இல், எகிப்தை மறுபடியும் சேர்த்துக்கொண்டது. சினாய் திரும்பிய ஆறு வாரத்திற்குள், 1982 ஜூனில், இஸ்ரேல் ராணுவம் லெபனானுக்குள் புகுந்தது. தெற்கு எல்லையில் இனிப் போர் இல்லை என்ற நிம்மதி வடக்கே படை அனுப்பக் கை கொடுத்தது என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து.

எகிப்தைக் குறை சொல்வது சுலபம். நான்கு போர்களில் ரத்தம் சிந்திய நாடு அது. தன் மண்ணைத் திரும்பப் பெற அதற்கு உரிமை உண்டு. நான் சொல்ல வருவது வேறு. இரண்டு தாள்களில் எதற்குத் தேதியும் நிபந்தனையும் இருந்ததோ அது நடந்தது. எதற்கு அவை இல்லையோ அது நடக்கவில்லை.

டெல்லியின் நீண்ட நிலைப்பாடு

இனி நம் தலைநகரத்துக்கு வருவோம். பாலஸ்தீனம் அரபு மக்களின் நாடு, வெளியிலிருந்து அவர்கள்மேல் எதையும் திணிப்பது நியாயமாகாது என்ற கருத்தைக் காந்தியடிகள் 1938 நவம்பரில் 'ஹரிஜன்' இதழில் எழுதினார். யூதர்கள் பட்ட கொடுமைகளை அதே கட்டுரையில் மனமுருகிச் சொல்லிவிட்டுத்தான் இதைச் சொன்னார். 1947இல் ஐ.நா. அமைத்த விசாரணைக் குழுவில் இந்தியாவும் இடம்பெற்றது. ஈரான், யூகோஸ்லாவியா ஆகியவற்றுடன் சேர்ந்து, நாட்டைப் பிரிக்காமல் கூட்டாட்சி அமைக்கலாம் என்ற சிறுபான்மை யோசனையை இந்தியா ஆதரித்தது. அந்த ஆண்டு நவம்பர் 29இல் பிரிவினைத் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆகஸ்டில்தான் நாம் பிரிவினையைப் பார்த்திருந்தோம். டெல்லியில் அகதி முகாம்கள் இன்னும் கலையவில்லை. பிரிவினை என்றால் என்ன என்று ஐ.நா.வில் யாருக்காவது நேரடியாகத் தெரியும் என்றால் அது நமக்குத்தான்.

1950 செப்டம்பரில் இஸ்ரேலை இந்தியா அங்கீகரித்தது. ஆனால் முழுத் தூதரக உறவு வைத்துக்கொள்ளவில்லை. பம்பாயில் ஒரு கான்சல் அலுவலகத்தோடு நிறுத்திக்கொண்டது. பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை 1974இல், அரபு நாடல்லாத நாடுகளில் முதலாவதாக, இந்தியா அங்கீகரித்தது. 1975இல் அதன் அலுவலகம் டெல்லியில் திறக்கப்பட்டது. 1980இல் முழுத் தூதரகத் தகுதி பெற்றது. 1983 மார்ச்சில் இங்கே நடந்த அணிசேரா நாடுகள் மாநாட்டுக்கு யாசர் அராபத் வந்திருந்தது நம்மில் மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். கட்டம் போட்ட தலைத்துணியோடு அவர் படம் வராத பத்திரிகை அந்த வாரம் இல்லை. 1988 நவம்பரில் அல்ஜியர்ஸ் நகரில் பாலஸ்தீன அரசு பிரகடனம் செய்யப்பட்டபோது, சில நாட்களிலேயே இந்தியா அதை அங்கீகரித்தது.

1992 ஜனவரி

அதன் பிறகு நான்கே வருஷத்தில் காற்று திசை மாறியது. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தது. நம் அந்நியச் செலாவணி இருப்பு கரைந்து தங்கத்தை அடகு வைக்கும் நிலை வந்தது. அமெரிக்காவின் தயவு தேவைப்பட்டது. அந்த அக்டோபரில் மாட்ரிட் மாநாட்டில் அரபு நாடுகளே இஸ்ரேலுடன் ஒரே கூடத்தில் உட்கார்ந்தன. பாலஸ்தீனர்களும் ஜோர்டானியக் குழுவோடு சேர்ந்து கலந்துகொண்டார்கள். அவர்களே பேசும்போது நாம் மட்டும் ஏன் விலகி நிற்க வேண்டும் என்ற கேள்வி டெல்லியில் எழுந்தது நியாயமானதே.

1992 ஜனவரி மூன்றாம் வாரத்தில் அராபத் டெல்லி வந்தார். பிரதமர் நரசிம்ம ராவைச் சந்தித்தார். யாருக்குத் தூதர் அனுப்புவது என்பது ஒவ்வொரு நாட்டின் இறையாண்மை, அதில் தான் தலையிட முடியாது என்ற பொருளில் அவர் பேசினார். ஜனவரி 29 அன்று இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவை இந்தியா அறிவித்தது. ஐந்து நாள் முன்னதாகச் சீனாவும் அதைச் செய்திருந்தது. ராவ் நியூயார்க்கில் பாதுகாப்பு கவுன்சில் உச்சி மாநாட்டுக்குப் போகும் நேரம் அது.

இந்த இடத்தில் ராவ் அரசின் முறையை நான் மதிக்கிறேன். முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், சம்பந்தப்பட்டவரை அழைத்து எதிரே உட்கார வைத்த பிறகே அறிவித்தார்கள். பாலஸ்தீனர் அன்று டெல்லியில் படர்க்கை அல்ல, முன்னிலை. அப்போது சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று மிக முக்கியமானது: இரு தரப்போடும் உறவு இருந்தால்தான் இருவரிடமும் நம் சொல் எடுபடும், சமாதானத்துக்கு உதவ முடியும். இதுதான் டெல்லி கொடுத்த வாக்கு. நம் அளவுகோலும் இதுவே.

வாக்கை அளந்து பார்த்தால்

உறவால் இந்தியாவுக்குக் கிடைத்தது ஏராளம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 1999 கார்கில் போரின்போது இஸ்ரேல் அவசரமாகத் தளவாடம் தந்து உதவியது. நம் கடற்படைக் கப்பல்களில் பராக் ஏவுகணைகள் ஏறின. இஸ்ரேலிய ஆயுதங்களை வாங்கும் நாடுகளில் பல ஆண்டுகளாக முன்னணியில் நிற்பது நாம்தான். நம்ம ஊர்ப் பக்கம் பார்த்தால், திண்டுக்கல் மாவட்டம் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிக்கும், கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில் மலர் சாகுபடிக்கும் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் மகத்துவ மையங்கள் இயங்குகின்றன. சொட்டுநீர்ப் பாசனத்தை வேண்டாம் என்று எந்த விவசாயி சொல்வார்?

சரி, வாக்கின் மறுபாதி என்ன ஆயிற்று? 1992இல் மேற்குக் கரையில், கிழக்கு ஜெருசலேம் நீங்கலாக, இஸ்ரேலியக் குடியேறிகள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர். இன்று அங்கே சுமார் ஐந்து லட்சம். பாலஸ்தீன நாடு எந்த நிலத்தில் அமைய வேண்டுமோ, அந்த நிலமே நாம் பேசிக்கொண்டிருக்கும்போது ஐந்து மடங்கு குடியேறிகளால் நிரம்பிவிட்டது. இதற்கு இந்தியா காரணமில்லைதான். ஆனால் உறவு இருந்தால் சொல் எடுபடும் என்றோமே, அந்தச் சொல் எங்கே சொல்லப்பட்டது, எங்கே எடுபட்டது என்று கேட்கலாமல்லவா?

சொல்லும்கூட மெல்ல மெல்ல மெலிந்தது. 2008 அக்டோபரில் மகமூத் அப்பாஸ் டெல்லி வந்தபோது, மன்மோகன் சிங்குடன் சேர்ந்து சாணக்யபுரியில் பாலஸ்தீனத் தூதரகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். நிலமும் கட்டடமும் இந்திய மக்களின் அன்பளிப்பு. அந்தக் காலத்து அறிக்கைகளில் 'கிழக்கு ஜெருசலேம் தலைநகராக' என்ற சொற்கள் வழக்கமாக இருக்கும். 2017 மே மாதம் அதே அப்பாஸ் வந்தபோது பிரதமர் மோடியின் உரையில் சுதந்திரப் பாலஸ்தீனம் இருந்தது. அந்த மூன்று சொற்கள் இல்லை. டிராஃப்ட் எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும், சேர்த்த சொல்லைவிட விட்ட சொல்லுக்குத்தான் கனம் அதிகம்.

அந்த ஜூலையில் மோடி இஸ்ரேல் சென்றார். அங்கே போன முதல் இந்தியப் பிரதமர் அவர்தான். ரமல்லாவுக்கு அப்போது போகவில்லை. 2018 பிப்ரவரியில் தனியே ரமல்லா போனார். அதற்கும் அவர்தான் முதல் இந்தியப் பிரதமர். இரண்டு உறவுகளையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாமல் தனித்தனியே வைத்துக்கொள்வது என்பது இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். நடுவில் இருந்த இணைப்புக்குறியை எடுத்துவிட்டோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1992இன் வாக்கே அந்த இணைப்புக்குறிதானே! இவரோடு உள்ள உறவு அவருக்குப் பயன்படும் என்பதுதானே அன்று சொன்னது? குறியை எடுத்துவிட்டால் இரண்டு நட்பு மிஞ்சும், வாக்கு மிஞ்சாது.

டெல்லியின் தெருவிலும் இது எழுதப்பட்டது. தீன் மூர்த்தி சந்திப்பில் நிற்கும் மூன்று வீரர் சிலைகள் ஜோத்பூர், ஹைதராபாத், மைசூர் சமஸ்தானங்களின் குதிரைப்படை நினைவாக 1922இல் வைக்கப்பட்டவை. 1918 செப்டம்பர் 23இல் ஹைஃபா நகரைப் பிடித்த போரில் ஜோத்பூர், மைசூர்ப் படைகள் பெரும் பங்காற்றின. 2018 ஜனவரியில் நெதன்யாகு வந்தபோது அந்தச் சந்திப்புக்குத் தீன் மூர்த்தி ஹைஃபா சௌக் என்று பெயர் மாற்றினார்கள். வீரர்களை நினைவுகூர்வது நல்லதே. ஆனால் அந்த ஹைஃபாவில் வாழ்ந்த அரபு மக்களில் மிகப் பெரும்பாலோர் 1948இல் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது என்பதும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அந்த ஆண்டு பாலஸ்தீனத்தில் வீடிழந்தவர்கள் ஏழு லட்சத்துக்கும் மேல்.

ஐ.நா. வாக்கெடுப்புகளைப் பார்த்தால் நம் தயக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஜெருசலேமைத் தலைநகராக அமெரிக்கா அங்கீகரித்ததற்கு எதிரான தீர்மானத்தை 2017 டிசம்பரில் இந்தியா ஆதரித்தது. 2023 அக்டோபர் 27இல் காஸா போர்நிறுத்தத் தீர்மானத்தில் விலகி நின்றது, டிசம்பரில் ஆதரித்தது. 2024 செப்டம்பரில், ஆக்கிரமிப்பை முடிவுக்குக் கொண்டுவரக் கோரிய தீர்மானத்தில் விலகியது. 2025 ஜூனில் போர்நிறுத்தத் தீர்மானத்தில் மறுபடியும் விலகியது. அதே ஆண்டு செப்டம்பர் 12இல் இரு நாட்டுத் தீர்வுக்கான நியூயார்க் பிரகடனத்தை 142 நாடுகளில் ஒன்றாக நின்று ஆதரித்தது. சமநிலை என்கிறார்கள். தராசு சமமாக நிற்பது வேறு. முள் ஆடிக்கொண்டே இருப்பது வேறு.

2020: வாசலுக்கும் அழைக்கவில்லை

அரபு நாடுகள் 2002இல் பெய்ரூட்டில் கூடி ஒரு நல்ல யோசனையை முன்வைத்தன. 1967இல் பிடித்த நிலங்களிலிருந்து விலகுங்கள். பாலஸ்தீன நாடு அமையட்டும். அகதிகளுக்கு நியாயமான தீர்வு வரட்டும். பிறகு எல்லா அரபு நாடுகளும் உங்களோடு இயல்பு உறவு வைத்துக்கொள்கிறோம் என்றன. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நியாயம், பிறகு உறவு.

2020 செப்டம்பர் 15இல் வாஷிங்டனில் அந்த வரிசை தலைகீழானது. ஐக்கிய அரபு அமீரகமும் பஹ்ரைனும் ஆபிரகாம் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சூடானும் மொராக்கோவும் பின்தொடர்ந்தன. ஒவ்வொருவருக்கும் ஏதோ கிடைத்தது. சூடான் அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலிலிருந்து நீங்கியது. மேற்கு சஹாரா மொராக்கோவுக்கே சொந்தம் என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டது. பாலஸ்தீனர்களுக்கு அமீரக ஒப்பந்தத்தின் முகவுரையில் ஒரு வரி கிடைத்தது. என் கண்ணன் கதை கற்பனை என்று நினைத்தீர்களா?

மேற்குக் கரையின் பகுதிகளை இஸ்ரேல் தன்னோடு இணைத்துக்கொள்ளாமல் தடுத்தோம் என்று அமீரகம் சொன்னது. தள்ளித்தான் வைத்திருக்கிறோம் என்று நெதன்யாகு சொன்னார். 2025 ஜூலையில் இணைப்பை ஆதரித்து இஸ்ரேலிய நாடாளுமன்றம் கட்டுப்படுத்தாத தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் பிறகு அமீரகம், இணைப்பு என்பது தாண்டக்கூடாத கோடு என்று எச்சரித்தது. செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் இணைக்க விடமாட்டேன் என்றார். ஆக, உறவுக்கு வலு இல்லாமல் இல்லை. 'இதைச் செய்தால் உறவு போகும்' என்று சொல்கிறபோதுதான் அந்த வலு வெளியே வருகிறது. சும்மா வைத்திருந்தால் வருவதில்லை.

இந்தக் கதையில் டெல்லிக்கு ஒரு முக்கிய காட்சி உண்டு. 2023 செப்டம்பர் 9இல் பாரத் மண்டபத்தில் ஜி-20 மாநாட்டின்போது, இந்தியா-மத்திய கிழக்கு-ஐரோப்பா பொருளாதார வழித்தடம் அறிவிக்கப்பட்டது. இங்கிருந்து கப்பலில் அமீரகம்; அங்கிருந்து ரயிலில் சவூதி, ஜோர்டான் வழியாக இஸ்ரேல்; பிறகு ஐரோப்பா. அந்த ஜனவரியில்தான் ஹைஃபா துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு வந்திருந்தது. சவூதியும் இஸ்ரேலும் கை குலுக்கப் போகின்றன என்ற நம்பிக்கையில் போடப்பட்ட கோடு அது. சில நாட்களில் நெதன்யாகு ஐ.நா. சபையில் புதிய மத்திய கிழக்கின் வரைபடம் ஒன்றைக் காட்டினார். அதில் மேற்குக் கரையும் காஸாவும் தனியாக இல்லை. படர்க்கையில் இருந்தவர்கள் படத்திலிருந்தே போய்விட்டார்கள்.

அக்டோபர் 7இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர்; ஏறக்குறைய 250 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டனர். திருவிழா பார்க்க வந்த இளைஞர்களையும் வீட்டிலிருந்த கிழவிகளையும் கொன்றதை எந்த விடுதலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. அதைத் தொடர்ந்த போரில், காஸா சுகாதாரத் துறையின் கணக்குப்படி, 2025 அக்டோபருக்குள் இறந்தவர்கள் 67,000க்கும் மேல். ஒரு மக்களை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டு அமைதியாக ரயில் விடலாம் என்ற கணக்கு எவ்வளவு தப்பு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நமக்கு எதுக்கு சார்?

எங்கள் குடியிருப்பில் ஐ.டி. துறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "சார், அரபுக்காரங்களே கவலைப்படல, நமக்கு எதுக்கு சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு பதில் சொன்னேன்.

முதலாவது, நம் பக்கத்து ஊர் ரோத்தக். 2024 ஜனவரியில் அங்கே இஸ்ரேலில் கட்டட வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கம்பி கட்டுபவர், டைல்ஸ் ஒட்டுபவர், பூச்சு வேலை செய்பவர் என்று பனிக் குளிரில் வரிசை நின்றது. மாதம் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றார்கள். போர் நடக்கும் நாடு என்று தெரிந்தும் அவர்கள் போனது வயிற்றுக்காக. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால் அந்தச் சாரத்தில் முன்பு நின்றது யார்? மேற்குக் கரையிலிருந்து தினமும் வந்துபோன பாலஸ்தீனக் கூலியாட்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அனுமதி நிறுத்தப்பட்டது. இரண்டு அரசுகளின் இயல்பான உறவு, ஓர் ஏழையின் இடத்தில் இன்னோர் ஏழையைக் கொண்டுபோய் நிறுத்தியது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நாமும் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது பதில் இன்னும் நெருக்கமானது. 1987 ஜூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்தார்கள். அது இலங்கைத் தமிழர்களைப் பற்றிய ஒப்பந்தம். ஆனால் தமிழர் தரப்பில் யாரும் அதில் கையெழுத்திடவில்லை. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. கிழக்கில் பொதுவாக்கெடுப்பு நடக்கும் என்றார்கள், நடக்கவேயில்லை. 2006இல் அந்த இணைப்பை இலங்கை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பதின்மூன்றாம் சட்டத் திருத்தம் சொன்ன நில அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் மாகாணங்களுக்கு முழுமையாக வந்தபாடில்லை. இலங்கை வேறு, பாலஸ்தீனம் வேறு. வரலாறும் குற்றங்களும் பிழைகளும் வேறு. ஆனால் தன்னைப் பற்றி மற்ற இருவர் எழுதிக்கொண்ட தாளை நம்பினால் என்ன ஆகும் என்பது தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடம் அல்ல. பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த பாலஸ்தீனக் கவிதைகளை ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் அவ்வளவு பேர் தங்கள் கதை போலப் படித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு மறுப்பும் அதற்குப் பதிலும்

'பாலஸ்தீனர்கள் மேசையில் உட்கார்ந்தபோது மட்டும் என்ன நடந்தது?' என்று கேட்பவர்கள் உண்டு. 1993 செப்டம்பர் 13இல் அராபத்தே வாஷிங்டனில் ராபினுடன் கை குலுக்கினார். ஆஸ்லோ உடன்பாட்டில் அவர் தரப்பு கையெழுத்திட்டது உண்மை. ஆனால் ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை ஆகிய நான்கு உயிர்நாடி விஷயங்களும் இறுதிப் பேச்சுக்கு ஒத்திவைக்கப்பட்டன. மறுபடியும் அதே 'தனியே பரிசீலிக்கப்படும்'! ஆளை முன்னிலைக்கு அழைத்துவிட்டு விஷயத்தைப் படர்க்கையில் நிறுத்தினார்கள். 1995இல் ராபினை ஒரு யூதத் தீவிரவாதியே சுட்டுக் கொன்றான்.

பாலஸ்தீனத் தலைமைக்கும் பொறுப்பு உண்டு. 2006க்குப் பிறகு அங்கே நாடாளுமன்றத் தேர்தல் நடக்கவில்லை. 2007இலிருந்து ஃபத்தாவும் ஹமாஸும் இரு கூறாகி நின்றன. பேச ஒரே குரல் இல்லாதபோது, மற்றவர்கள் பேசுவது சுலபமாகிவிடுகிறது. இதையும் சொல்லாவிட்டால் விமர்சனம் ஒருதலைப்பட்சமாகிவிடும்.

எதைக் கேட்க வேண்டும்?

இஸ்ரேலுடன் உறவே கூடாது என்பது என் கருத்தல்ல. எத்தனையோ நாடுகளில் யூதர்கள் துன்புறுத்தப்பட்டபோது, நூற்றாண்டுகளாக அவர்கள் நிம்மதியாக வாழ்ந்த மண் இந்தியா. டெல்லி ஹுமாயூன் சாலையில் இருக்கும் சிறிய யூத ஆலயமே அதற்குச் சாட்சி. நட்பு இருக்கட்டும். ஆனால் அந்த நட்பு மூன்றாமவருக்குப் பயன்படும் என்று சொல்லித் தொடங்கினால், பயன்பட்டதா என்று கேட்கவும் வேண்டும். பெரிய வாடிக்கையாளர் ஒரு வார்த்தை சொன்னால் கடைக்காரர் காது கொடுப்பார். அந்த வார்த்தையைச் சொல்லாமலேயே முப்பது வருஷத்துக்கு மேல் சரக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

2025 செப்டம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகள் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தன. நாம் 1988இலேயே செய்த காரியம் அது. அந்த விஷயத்தில் அவர்களுக்கு முப்பத்தேழு வருஷம் மூத்தவர்கள் நாம். மூத்தவருக்குரிய குரலில் பேசுவதில் தவறில்லை.

இனி ஏதாவது ஒரு நாடு இஸ்ரேலுடன் உறவு தொடங்கியது என்று காலையில் பேப்பரில் படித்தால், குதிக்கவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். மூன்று விஷயம் மட்டும் தேடுங்கள். பாலஸ்தீனர் கையெழுத்து இருக்கிறதா? அவர்கள் விஷயத்துக்குத் தேதி போட்டிருக்கிறதா? அந்தத் தேதி தவறினால் எது நிற்கும் என்று எழுதியிருக்கிறதா? மூன்றும் இல்லையென்றால் அது இருவருக்கு இடையே நடந்த கொடுக்கல் வாங்கல். அதைச் சமாதானம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.